ஒரு சைபர் குறைந்த விலை

கழுகாசலமூர்த்தி சந்நிதியில் சூடத்தை அணைத்துச் சொல்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ரைட்டரய்யா நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. எல்லாம் அதில்தான் தொடங்கியது. இந்த 2009 சித்திரையில் அடித்த வெயில் உங்களுக்கே தெரியும். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊருக்கு மேற்கே ஒரு வெடிப்பில் என் கைத்தடி தவறி விழுந்துவிட்டது. அதை மணியாச்சியில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் யாரோ கண்டெடுத்துக் கொடுத்தனுப்பினார்கள். தரைக்கு அடியிலேயே அவ்வளவு தூரம் போயிருக்கிறது. நம்பாதவர்கள் மணியாச்சியில் போய் விசாரிக்கலாம்.

என் பெயர் அழகிரிசாமி. எழுபதைத் தாண்டிவிட்டேன். கழுகுமலை மாட்டுச் சந்தையில் தரகனாக இருந்தவன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைத் தொட்டுத்தான் விலை பேசுவோம். விரலைத் தொட்டுவிட்டால் முடிந்தது. தெரியாமல் தொட்டுவிட்டேன், தவறித் தொட்டுவிட்டேன் என்கிற பேச்சுக்குச் சந்தையில் இடம் கிடையாது. என் ஆயுசு முழுவதும் இந்த ஒரு ஒழுங்கில்தான் சோறு தின்றிருக்கிறேன். நான் செய்ததற்குக் காரணம் இந்த ஒழுங்கு மட்டும்தான். வேறு விரோதம் எனக்கு யார்மேலும் இல்லை.

வெயிலுக்குப் பயந்து பகலெல்லாம் அப்துல் நாசரின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கே ஏசி உண்டு. நாசர் நல்ல பிள்ளை, எழுந்து போகச் சொல்ல மாட்டான். ஒரு நாள் அவன் கம்ப்யூட்டரில் பூவனநாதன் கடையைத் திறந்து காட்டினான். பூவனநாதன் மெயின் ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ் விற்கிறவர். கடையை இன்டர்நெட்டிலும் திறந்திருந்தார். உட்கார்ந்த இடத்திலேயே ஆர்டர் போடலாம். சாமான் வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். பிரிட்ஜ் படத்துக்குக் கீழே விலை தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய் என்று போட்டிருந்தது.

"தாத்தா, இதுல ஒரு சைபர் விட்டுப்போச்சு. ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரம் இருக்கணும். யாரோ அவசரத்துல தட்டிட்டாவ" என்றான் நாசர்.

"எனக்கு ஒண்ணு தட்டு" என்றேன்.

"பாவம் தாத்தா. தப்பு விலைன்னு தெரிஞ்சே எப்படி வாங்குதது?"

"அன்னைக்கு நீ எனக்குச் சில்லறை கூடக் குடுத்தியே, நான் திருப்பித் தந்தேனா?"

"இல்லையே. எப்பம் குடுத்தேன்?"

"அப்பம் அது முடிஞ்சுபோன யாவாரம். நீ இதைத் தட்டு."

தட்டினான். உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது, நன்றி என்று திரையில் வந்தது. உறுதி என்ற சொல்லை நான் போடவில்லை. கடைக்காரர் போட்டது. நான் வெளியே வந்து நாலு பேரிடம் சொன்னேன், அவர்கள் நாற்பது பேரிடம் சொன்னார்கள். எங்கள் தெருப் பெருமாயி வீட்டில் கரண்டு இணைப்பே கிடையாது. அவளும் ஒன்று போட்டாள். எலிக்குப் பயப்படாமல் உளுந்து வைத்துக்கொள்ளலாமாம்.

மறுநாள் பூவனநாதன் போன் செய்தார். "அண்ணாச்சி, வெப்சைட்ல விலை தப்பா ஏறிட்டு. ஆர்டரையெல்லாம் கேன்சல் பண்ணிட்டோம். மனசுல வச்சிக்கிடாதிய."

"மனசுல என்ன இருக்கு. பெட்டியை எப்பம் அனுப்புதிய?"

பக்கத்தில் யாரிடமோ கொள்முதல் விலையைக் கேட்டார். பிறகு, "கொள்முதல் விலைக்கே தாரேன் அண்ணாச்சி. எனக்கு ஒத்தப் பைசா லாபம் வேண்டாம்" என்றார். நான் லாபம் கேட்கவில்லை, சொன்ன விலையைத்தான் கேட்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மற்றவர்கள் கேன்சல் என்றதும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அது ஒழுங்கு தெரியாத கூட்டம்.

நான் கடைக்கே போனேன். நல்ல கூட்டம் இருந்தது. ஓரத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் அவர் மகள் கல்யாணசுந்தரி உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் படித்த பெண். ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை கயத்தாறு.

"விலையைத் தட்டினது யாரு?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போனது. பூவனநாதன் உடனே, "நாந்தான் தட்டுனேன்" என்றார். அவர் விரல்களைப் பார்த்தேன். அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டித் தடித்த விரல்கள். அந்த விரல் ஒரு எழுத்தை அமுக்கினால் கூடவே இரண்டு எழுத்து விழும். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் அவரே ஒப்புக்கொண்டார். இதை ரைட்டரய்யா தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

"ரோட்டுல எவனோ பர்ஸைத் தவறவிட்டா, எடுத்து வச்சிக்கிடுவியளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"பர்ஸுக்கு மேல, எடுத்துக்கிடுங்க, நன்றின்னு எழுதியிருந்தா எடுத்துக்கிடுவேன். சரி, நீரு ஒரு சைபரைக் கூடப் போட்டு, நான் கண்ணு தெரியாம அந்தப் பணத்தைக் குடுத்திருந்தா, வீட்டுக்கு வந்து திருப்பித் தந்திருப்பீரோ?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணாச்சி, ஒங்களுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். முப்பது பேருக்கு மேல ஆர்டர் போட்டு வச்சிருக்காவ. மக கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கதுதான் போவும். கொஞ்சம் யோசிங்க."

நான் யோசித்துத்தான் பேசினேன். கழுகுமலைச் சந்தையில் நடந்த ஒன்றைக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன். உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி விரல் தவறி, மயிலைக் காளையை ஆட்டுக்குட்டி விலைக்கு விட்டுவிட்டார். வார்த்தை மாறவில்லை, கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் காளைதான் தன் விலையைக் கேட்டு அவமானம் தாங்காமல் ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டது. நாங்கள் நாலு பேர் அதைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். மாட்டுக்குத் தெரிந்த ஒழுங்கு கடைக்காரருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன்.

பூவனநாதன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "ஒரு சந்தேகம் அண்ணாச்சி. துண்டுக்குள்ள ஒம்பதுன்னு விரலால சொல்லுதாவ. அது தொள்ளாயிரமா ஒம்பதாயிரமான்னு எப்படித் தெரியும்?"

"அது மாட்டைப் பாத்தாலே தெரியும்லா" என்றேன்.

"அப்பம் பிரிட்ஜைப் பாத்தாத் தெரியலையாக்கும்?"

கடை முழுவதும் சிரித்தது. மிக்ஸி ரிப்பேருக்கு வந்திருந்த ஒருத்தி, "தரகரு தன் துண்டுலயே தடுக்கி விழுந்துட்டாருடி" என்றாள். கல்யாணசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் செத்துக் கிடந்த முகம் அது. நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கத் தெரிந்தவன் நான். அன்று சாயங்காலம் டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், பஸ் ஸ்டாண்டில் சிரித்தார்கள். நாசர்கூட ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். ரைட்டரய்யா, இந்தச் சிரிப்பையெல்லாம் எழுத வேண்டாம். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் கயத்தாறுக்கு பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் அப்பா சண்முகராஜ் டயர்க் கடை வைத்திருக்கிறார். லாரிக்காரர்களுக்கெல்லாம் தெரிந்தவர். நான் பெண் வீட்டுக்கு வேண்டியவன் என்று சொல்லிக்கொண்டேன். மோர் கொடுத்தார், தானும் மோரோடு சுகர் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். நல்ல மோர்.

"பொண்ணு தங்கமான பொண்ணு. சைபர்தான் கண்ணுக்குத் தெரியாது" என்றேன்.

"என்ன சொல்லுதிய?"

விலை விஷயத்தைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மகள் செய்த தப்பை அப்பன் தன் தலையில் போட்டுக்கொண்டதையும் சொன்னேன். "அதுல ஒண்ணும் மோசமில்ல. ஆனா நீங்க சுகர் மாத்திரை திங்குத ஆளு. நாளைக்கு மருமக கையால மருந்து வாங்கிக் குடிக்கணும். அஞ்சு சொட்டா அம்பது சொட்டான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுக் குடிங்க. வேற ஒண்ணும் பயமில்ல."

அவர் சம்சாரம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன்.

அந்த வாரமே சண்முகராஜ் பூவனநாதனைக் கூப்பிட்டு, அந்தப் பெரியவர் விவகாரத்தை முடித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகு பத்திரிகை அடிக்கலாம் என்று சொல்லிவிட்டார். இதை எனக்குச் சொன்னவன் நாசர். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏசியையும் போடவில்லை.

போன வெள்ளிக்கிழமை கடைக்கு வரச்சொல்லி பூவனநாதன் ஆள் அனுப்பினார். காலையிலேயே போனேன். தோளில் துண்டு போட்டிருந்தேன். எப்போதும் போடுவதுதான். கடையில் பிரிட்ஜ்கள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனிதர் மட்டும் ஒரே வாரத்தில் இளைத்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. கல்யாணி, தாத்தாவுக்கு ஒரு டீ சொல்லும்மா" என்றார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக் கும்பிட்டது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

டீ வந்தது. பூவனநாதன் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாம் முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. இனி மனஸ்தாபம் வேண்டாம். அன்னைக்கு ஒங்களை நாலு பேரு முன்னால அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, என் தப்புதான். கயத்தாத்துக்கு ஒரு போன் போட்டு, பொண்ணைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

"சொல்லுதேன்" என்றேன். "சந்தை வழக்கப்படியே முடிச்சிக்கிடுவோம். கையக் குடும்."

சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினார். நான் துண்டை எடுத்து இரண்டு கைமேலும் விரித்தேன். அங்கே நின்றவர்களும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பில் கேலி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சுண்டுவிரலில் தொடங்கினேன். முரட்டுக் காளையின் மூக்கைப் பிடித்து நிறுத்திய கை இது, வயதாகிவிட்டதே தவிர பிடி தளரவில்லை. விரலைப் பின்பக்கமாக மடக்கும்போது ஒரு இடத்தில் தடுக்கும். அங்கே நிறுத்திவிட்டால் வலியோடு போய்விடும். நான் நிறுத்தவில்லை. முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம்தான் கேட்கும், அதற்கு மேல் கேட்காது. அவர் கத்தினார். நான் விலையை அடிமாட்டுக்குக் குறைத்துவிட்டேன் என்று நினைத்துக் கடையில் நின்றவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நாலு விரலும் முடிந்துவிட்டது. கட்டைவிரலை விட்டுவிட்டேன். ரேகை வைக்க ஒன்று வேண்டும் அல்லவா. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் பிள்ளை அலறியது. டீ மீதி இருந்தது. குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

விரல்கள் இனி மடங்காது என்று திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆவணியில் மகளைத் தாரை வார்க்க வேண்டிய கை, இடது கையால் வார்ப்பது வழக்கமில்லை என்று அந்த வீட்டில் அழுகிறார்களாம். அதற்கு நான் வருத்தப்படுகிறேன். ஆனால் முறையைப் பாருங்கள். விலையைத் தட்டியது தன் விரல்தான் என்று அவரே சொன்னார். தட்டிய விரல் பிறகு அந்த விலை செல்லாது என்று பின்வாங்கியது. பின்வாங்கிய விரலுக்கு இன்னொரு விலை சொல்லும் யோக்கியதை கிடையாது. தட்டியது அவர் இல்லையென்றால், அவர் சொன்னது பொய். அந்தப் பொய்யும் என் கணக்கில் வராது. ஒரு கடைக்காரர் போட்ட விலைக்குச் சாமானைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. ஊருக்கு யாராவது ஒருவர் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

சாமான் உங்களுக்குக் கிடைக்கவே இல்லையா என்று ரைட்டரய்யா கேட்கிறார். நல்ல கேள்வி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கடைக்குப் போன வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ளேயே, ஆர்டர் போட்ட அத்தனை பேர் வீட்டிலும், என் வீட்டிலும், தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்க்கே பிரிட்ஜ் வந்து இறங்கியிருந்தது.