தங்கையின் தொடைக் குழிகள்

தொடையைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம் கிடையாது. அதுதான் என் பிழைப்பு. நீங்களும் சங்கடப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

செல்லுலைட் என்றால் என்ன என்று கேட்டீர்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை. தோலை அடியில் உள்ள தசையோடு சில நார்கள் இழுத்துக் கட்டி வைத்திருக்கின்றன. நார் இழுத்த இடம் பள்ளம்; நடுவில் கொழுப்பு பிதுங்கிய இடம் மேடு. தையல் போட்ட மெத்தையைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, ஒல்லிக்குச்சிகளுக்கும் உண்டு. க்ரீம் தடவி உருட்டித் தேய்த்தால் தோல் கொஞ்சம் உப்பிக்கொண்டு பள்ளத்தை மறைக்கும். உப்பல் வடிந்ததும் பழையபடிதான். இந்தக் கடைசி வாக்கியத்தை வருகிறவர்களிடம் நான் சொல்வதில்லை. எந்தக் கடைக்காரர்தான் சொல்கிறார்?

என் அழகு நிலையத்தின் உள்ளறையில், சுவரோரமாக முழங்கால் உயரத்தில் ஒரு விளக்கு வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் இல்லாத பள்ளமும் தெரியும். சிகிச்சைக்கு முந்தைய படத்தை அதில் எடுப்பேன். முடிந்த பிறகு எடுக்கும் படத்துக்கு, பள்ளம் தெரியாதபடி நேர் எதிரே இருக்கிற விளக்கு. ஏமாற்று என்று நினைக்காதீர்கள், படம் பொய் சொல்வதில்லை.

என் தங்கை நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். நாள் முழுக்க அரைக்கால் சட்டைதான். அதே கோலத்தில் என் கடைக்கும் வந்து, காத்திருக்கிற பெண்களுக்கு நடுவே கால்மேல் கால் போட்டு உட்காருவாள். பின்தொடை குழி குழியாக இருக்கும். அவள் சிரிக்கிற சிரிப்பில் ஒருவரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். என்னிடம் வெகுகாலமாக வந்துகொண்டிருந்த ஒரு வக்கீலம்மா மட்டும் கவனித்தார். "இவங்களுக்கும்தான் இருக்கு, எவ்வளவு ஜாலியா இருக்காங்க பாருங்க," என்றார். அதோடு சிகிச்சையை நிறுத்திக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

ஒரு மத்தியானம் கடை காலியாக இருந்தபோது தங்கையை அந்த முழங்கால் விளக்கின் முன் நிறுத்திப் படம் எடுத்துக் காட்டினேன்.

"இது என் காலா?" என்றாள்.

"வேற யாரு காலு? உன் முதுகுப்பக்கம் உனக்கு எப்படித் தெரியும்? பாக்கறவங்களுக்குத்தானே தெரியும்."

"யாரும் ஒண்ணும் சொன்னதில்லையேக்கா."

"மூஞ்சிக்கு நேரா எவடி சொல்லுவா? கூடப்பிறந்தவ நான், சொல்றேன்."

குரலைக்கூட உயர்த்தவில்லை. சீக்கிரமே அவள் முழுக்கால் சட்டைக்கு மாறினாள். பிறகு தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்றபடி சொல்லிக்கொடுத்தாள். அப்புறம் குளத்துக்குப் போவதையே விட்டுவிட்டாள். "ஏதாவது பண்ணுக்கா," என்று அவளேதான் வந்து கெஞ்சினாள். அதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நார்களைத் தோலுக்கு அடியிலேயே ஊசியால் அறுத்துவிடுகிற சிகிச்சை ஒன்று இருக்கிறது. தோல் மருத்துவர்கள் செய்வது. அப்படி ஒருவரிடம் கருவித் தட்டு ஏந்தி வேலை பார்த்தவள் நான். அவர் கை போகிற போக்கு எனக்கு மனப்பாடம். மனிதர் கையுறையை மாற்றிக்கொண்டே இருப்பார், ஊசியைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார். எனக்கு அதெல்லாம் அலட்டலாகத்தான் பட்டது. தங்கைக்கு நானே உள்ளறையில் செய்தேன். குப்புறப் படுத்தபடியே எனக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் தொடை சிவந்து தகித்தது. சிவந்தால் சிகிச்சை வேலை செய்கிறது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. அவளிடமும் சொன்னேன். அடுத்து குளிர் நடுக்கம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்க்கா. முடியலை."

"கொழுப்பு கரையுதுடி, சூடு இருக்கத்தான் செய்யும். இப்பப் போய் நின்னா எல்லாம் வீணாப் போயிடும்."

நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதை நம்புகிறவள். அம்மா போனில் கேட்டபோது, தூங்குகிறாள் என்றேன். அப்போது அவள் என் பக்கத்தில் பிதற்றிக்கொண்டிருந்தாள்.

சீழ் வைத்தது உனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும், வாடையிலேயே தெரிந்தது. கார் வாசலில் நின்றது, சாவி என் பையில் இருந்தது. நான் அவள் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு நிற்கும்வரை போட்டேன். ஆகவே தயவுசெய்து வாக்குமூலத்தில் கவனக்குறைவு என்று எழுதாதீர்கள், அது பொய்யாகிவிடும். அவள் பிழைத்தெழுந்து மறுபடி என் கடையில் கால்மேல் கால் போட்டு உட்காருவதை நினைத்தேன். இது தேவலை என்று இருந்தது.

உன் காலில் இல்லையா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். இருக்கிறது, அவளுக்கு இருந்ததைவிட அதிகம். நான் எதுவும் செய்துகொள்ளவில்லை. அவள் பக்கத்தில் நிற்கும்போது என்னை யார் பார்த்தார்கள்? இனிமேல்தான் ஒரு நல்ல டாக்டராகப் பார்க்க வேண்டும்.