பாஸ்டர் வந்த ஞாயிற்றுக்கிழமை

காட்டுக் கேமரா வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, படம் எவ்வளவு பளிச்சென்று விழும் என்று பார்ப்பதுதான். அது முக்கியமே இல்லை, மேடம். மான் குறுக்கே போனதும் கேமரா எத்தனை சீக்கிரம் விழித்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். என்னுடைய முதல் கேமராவுக்கு ஒன்றரை வினாடி ஆகும். இரண்டு வருடம் எனக்குக் கிடைத்ததெல்லாம் மான்களின் பின்புறம்.

நீங்கள் வேட்டையாடுவதில்லை என்று சொன்னீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கேமரா சும்மா சும்மா படம் எடுக்காது. எதிரே சூடுள்ள ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், அது அசையவும் வேண்டும். கட்டையை எடுக்காது. அசையாமல் படுத்துக் கிடக்கிற மானைக்கூட எடுக்காது. எடுத்த படம் அப்படியே என் போனுக்கு வந்துவிடும். ஒலியும் பதிகிற ரகம் ஒன்று இருந்தது. மானுக்கு ஒலி எதற்கு என்று அதை விட்டுவிட்டேன். வாங்கும்போது கர்ட்டும் கூட இருந்தான்.

கர்ட் என் மனைவி மார்லாவின் தம்பி. முப்பத்தெட்டு வயது, கல்லு மாதிரி உடம்பு. எங்கள் நிலத்தின் பின்கோடியில் இருக்கிற பள்ளத்தில் அந்தக் கேமராவைக் கட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். வடக்கு பார்த்துக் கட்டினோம், வெயில் கண்ணில் அடிக்காது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவனை எதிரே நிற்கச் சொன்னேன். நாக்கைத் துருத்திக்கொண்டு குரங்கு மாதிரி குதித்தான். அதில் விழுந்த முதல் படம் அதுதான், இன்னும் என்னிடம் இருக்கிறது.

பாஸ்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனிதர் என்று நினைத்துக்கொள்ளப் போகிறீர்கள். அது ஒரு ஆண் மான். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் எல்லோரும் சர்ச்சில் இருக்கிற நேரம் பார்த்து, கேமரா முன்னால் வந்து நிற்கும். "நம்மள அங்க உக்கார வெச்சுட்டு இவரு இங்க பிரசங்கம் பண்றாரு பாரு" என்று கர்ட்தான் பெயர் வைத்தான். நான்கு இலையுதிர்காலம் அதைப் பார்த்தேன். கொம்பு வருடா வருடம் எப்படி வளர்ந்தது, எந்தக் காது கிழிந்தது, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கமாக வரும், எல்லாம் தெரியும். நான் சீஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கிறவன். காத்திருப்பது எனக்குக் கஷ்டமில்லை.

கர்ட்டுக்குக் காத்திருக்கத் தெரியாது. போன வருடம் நான் மூன்று வருடமாகப் பின்தொடர்ந்த இன்னொரு மானை, வேட்டை சீசன் திறந்த முதல் காலையில், கையில் பாதி சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருந்தவன் சுட்டுவிட்டான். அந்தச் சாண்ட்விச் கதையை ஊர் மதுக்கடையில் குளிர்காலம் முழுக்கச் சொன்னான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் இருந்தது.

அதனால் இந்த வருடம் செப்டம்பரிலேயே பேசி வைத்துக்கொண்டோம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான்.

"பாஸ்டர் உனக்குத்தான் மச்சான். நான் கண்ண மூடிக்கிறேன், போதுமா?" என்றான்.

"நீ கண்ண மூடிக்கிட்டு சுட்டாலும் விழும். பள்ளத்துப் பக்கமே போகாத" என்றேன்.

"தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன், சாமி."

மார்லா அப்போது எங்கள் இருவர் கழுத்திலும் ஆளுக்கொரு ஆரஞ்சு விசிலை மாட்டினாள். பள்ளத்தில் கைப்பேசிக்குச் சரியாக சிக்னல் கிடைக்காது, கேமராவை உயரத்தில் கட்டியிருப்பதால் அதற்கு மட்டும் கிடைக்கும். "ஏதாவது ஆச்சுன்னா மூணு தடவ ஊதுங்க. வெக்கப்படாதீங்க, ரெண்டு பேரும்" என்றாள். கர்ட் வீட்டுக்குள்ளேயே ஊதிப் பார்த்து அக்காவிடம் அடி வாங்கினான்.

திட்டம் எளிமையானது. சீசனின் ஒன்பது நாளும் பள்ளத்தில் மனித வாடையே படக்கூடாது. கடைசி ஞாயிறு மாலை நான் ஒருவன் மட்டும் எதிர்க்காற்றில் இறங்குவேன். பாஸ்டர் அங்கேயே படுத்து எழுந்து பழகியிருக்கும். சட்டப்படி அன்றைக்கு நான்கு நாற்பத்தெட்டு வரை சுடலாம்.

பள்ளத்தில் ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டிய ஏணிப் பரண் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டீர்கள். அக்டோபரில் ஒரு அணில், அதை மரத்தோடு இறுக்கிப் பிடிக்கிற மேல் நைலான் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. முப்பத்தொரு படம் வந்தது. கடைசிப் படத்தில் பட்டை ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. கர்ட்டிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன்தான் அங்கே போகப்போவதில்லையே. போகாத இடத்துப் பட்டையைப் பற்றி ஒருவனிடம் எதற்குப் பேச வேண்டும்? நானோ தரையில் இருந்து சுடுகிறவன். அந்தப் படங்களை அழித்துவிட்டேன், போனில் இடம் அடைத்தது.

கடைசி ஞாயிறு மதியம் ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் போன் அதிர்ந்தது. நான் அடுக்களை மேசையில் இருந்தேன். மார்லா தேங்க்ஸ்கிவிங் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைச் சூப்பாக்கிக்கொண்டிருந்தாள். படத்தில் ஏணி சாய்ந்து கிடந்தது. ஓக் மரத்தடியில் ஆரஞ்சுச் சட்டை. வலது கால், கால் திரும்பாத திசையில் திரும்பியிருந்தது. அவனுடைய போன் பத்தடி தள்ளிச் சருகில் கிடந்தது. அடுத்த நிமிடம் இன்னொரு படம், முகம் கேமரா பக்கம். அடுத்ததில் கையைத் தூக்கியிருந்தான்.

எனக்கு முதலில் வந்தது கோபம், மேடம். அதை மறைக்க விரும்பவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு, என்னை முந்திக்கொண்டு, என் மானுக்காக ஏறியிருக்கிறான்.

பிறகு நிதானமாக யோசித்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கூடவே ஊர்த் தீயணைப்புக்காரர்கள் நான்கு சக்கர வண்டிகளில் வருவார்கள். பத்துப் பேர் பூட்ஸ், சத்தம், பெட்ரோல் வாடை. பாஸ்டர் பக்கத்து மாவட்டத்துக்கே போய்விடும். அதற்கு ஏழு வயது, இன்னொரு பனிக்காலம் தாங்காது. கால் முறிவுதானே, மூன்று மணி நேரம் பொறுக்கும் என்று நினைத்தேன். என்ன இருந்தாலும் நானும் அங்கேதான் போகப்போகிறேன்.

"போன்ல என்ன, பாஸ்டரா?" என்று மார்லா கேட்டாள்.

"அணில்."

"கர்ட் சாப்பிட வர்றேன்னான், ஆளக் காணோம்."

"மேட்ச் பாத்துட்டே தூங்கியிருப்பான்."

"போற வழியில அவன் வீட்டுல ஒரு எட்டு எட்டிப் பாரு. ரெண்டு துண்டு தனியா எடுத்து வெச்சிருக்கேன், அப்புறம் அக்கா குடுக்கலன்னு சொல்லுவான்."

பார்க்கிறேன் என்றேன்.

இரண்டு இருபதுக்கு ஏன் கேமராவின் அமைப்பை மாற்றினேன் என்று கேட்டீர்கள். நிமிடத்துக்கு ஒரு படம் என்றிருந்ததை அரைமணிக்கு ஒன்று என்று மாற்றினேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். அதோடு மார்லா என் முதுகுக்குப் பின்னால் போய்வந்துகொண்டிருந்தாள். ஆனால் நான் அவனை மறந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அசைந்தால்தான் கேமரா எடுக்கும் என்று சொன்னேன் அல்லவா. ஒவ்வொரு படம் வரும்போதும் அவன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அது பெரிய ஆறுதலாக இருந்தது. மூன்று ஐந்துக்குக் கையை ஊன்றி நகர்ந்திருந்தான். மூன்று முப்பத்தைந்துக்குக் கேமராவின் அடிக்கே வந்திருந்தான். படம் யாருடைய போனுக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும். நேராகக் கண்ணாடியைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான். ஒலி கிடையாது என்பது அவசரத்தில் மறந்துபோயிருக்கும்.

மூன்று நாற்பதுக்குக் கிளம்பினேன். நடந்தால் பதினைந்து நிமிடம். காற்றுக்கு எதிராகப் போக வேண்டும் என்பதால் சுற்றிக்கொண்டு போனேன், அரைமணி ஆயிற்று. விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவன் எண்பது கெஜத்தில் கிடந்தான். என் பக்கம் முகத்தைத் திருப்பினான். நானும் ஆரஞ்சுச் சட்டைதான், பார்த்திருப்பான். அந்த நேரத்தில் எழுந்து போவதில் அர்த்தமில்லை. இன்னும் முக்கால் மணிகூட இல்லை.

நான்கு இருபத்தைந்துக்குப் பாஸ்டர் வந்தது. படத்தில் பார்த்ததைவிடப் பெரியது. நான்கு முப்பத்துமூன்றுக்குச் சுட்டேன், ஒரே குண்டு. பிறகு குடலை எடுத்தேன். தாமதித்தால் இறைச்சி கெட்டுவிடும், கர்ட்டே அதைத்தான் சொல்வான். அந்த நேரத்தில்தான் கேமரா இன்னொரு படம் எடுத்திருக்கிறது. நான் மண்டியிட்டிருக்கிறேன், ஓரத்தில் ஒரு ஆரஞ்சுக் கை தெரிகிறது. மேசையில் நீங்கள் வைத்திருக்கிற படம். வடக்கு பார்த்துக் கட்டியதால் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது பாருங்கள். மேட்டுக்கு ஏறி உங்கள் காவல் அலுவலகத்தைக் கூப்பிட்டபோது ஐந்து பன்னிரண்டு. விலா எலும்பு நுரையீரலில் குத்தியிருந்தது, மூன்று மணிக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். படத்தில் விலா எலும்பு தெரியாது, மேடம்.

அவன் ஏதாவது சத்தம் கொடுத்தானா என்று காலையிலிருந்து நான்கு தடவை கேட்டுவிட்டீர்கள். விசில் அவன் பல்லுக்கு நடுவில் இருந்தது என்கிறீர்கள். சரி, சொல்கிறேன். ஊதினான். மார்லா சொல்லிக்கொடுத்தபடியே ஊதினான். எனக்குக் கேட்டது.

முதல் விசிலுக்குப் பாஸ்டர் தலையைத் தூக்கியது. இரண்டாவதற்கு முன்னங்காலால் தரையைத் தட்டியது. நான்கு வருடமும் இவனால் வீணாகப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது வெறும் காற்றாகத்தான் வந்தது. அதோடு நின்றுவிட்டது. பாஸ்டர் மறுபடி தலையைத் தாழ்த்திக்கொண்டு சாவகாசமாக மேய்ந்தது.

மூச்சு தீர்ந்துதான் நின்றது என்கிறீர்கள். இல்லை, மேடம். நீங்கள் வேட்டையாடியதில்லை, அதனால் உங்களுக்குப் புரியவில்லை. அவன் மானைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் எனக்காக நிறுத்திக்கொண்டான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மார்லாவிடமும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.