மழைப் பாட்டில் ஒரு விம்மல்

ஒரு சொட்டுக் கண்ணீருக்கு என்ன விலை என்று கேட்டால், தாதர் அரங்கில் பால்கனிக்கு இருநூறு, முன்வரிசைக்கு ஐந்நூறு என்பேன், இன்ஸ்பெக்டர் சாகேப். துணிச் சந்தையில் வளர்ந்தவன் நான். விலை இல்லாத சரக்கைப் பார்த்ததில்லை.

பழைய இந்திப் பாட்டுக் கச்சேரிகளில், இரண்டு பாட்டுக்கு நடுவே அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்வது என் தொழில். ‘சாந்த் கா கிராயேதார்’ படத்தின் மழைப் பாட்டுதான் என் முதல்தரச் சரக்கு. அதில் குழல் ஓரிடத்தில் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கும். வாசித்தவர் அனந்த் பெட்ணேகர். ஒலிப்பதிவின்போது மனைவி இறந்த செய்தி வந்தது, விம்மலை விழுங்கிக்கொண்டு வாசித்தார், அதே மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார் என்று சொல்லிவந்தேன். யாருக்கும் நஷ்டமில்லை.

படத்தின் பொன்விழாக் கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் பெட்ணேகரே வந்து நின்றார். கையில் குழல். என் பேச்சை யாரோ போனில் அனுப்பினார்களாம்.

"கதை நல்லாத்தான் இருக்கு சேட். ஆனா அன்னிக்கு வாயில பீடா இருந்துச்சு, முழுங்கிட்டேன். அவ்வளவுதான். நீங்க சாகடிச்சவ வெளியில டிக்கெட்டுக்குப் பேரம் பேசிக்கிட்டிருக்கா."

கோபமே இல்லை அவருக்கு. படத்தில் அவர் பெயரைப் போடவில்லை. ஒரே ஒரு தடவை மேடையேறி, நடந்ததைச் சொல்லி, கைத்தட்டல் வாங்க வேண்டுமாம். பீடாவுக்கு எவன் சாகேப் ஐந்நூறு கொடுப்பான்?

அந்தக் காலத்து ஸ்டுடியோவில் குழல்காரரைத் தனிச் சிற்றறையில்தான் உட்காரவைப்பார்கள். ஒப்பனை அறையைக் காட்டி, "இதுதான் உங்க கேபின், பெட்ணேகர் பாய்" என்றேன். சந்தோஷமாக உட்கார்ந்தார். வெளியே பூட்டினேன். மே மாதம், ஜன்னல் கிடையாது, மின்விசிறி ஓடாது, படியேறியதற்கே அவருக்கு இரைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வைத்துவிட்டுத்தான் வந்தேன், அரை பாட்டில். நான் ஒன்றும் கொடியவன் இல்லை.

மழைப் பாட்டில் குழல் வரும் இடத்தில் வாத்தியங்களை நிறுத்தி, மறைந்த அந்த ஜோடிக்கு இரண்டு நிமிட மௌனம் கேட்டேன். அரங்கமே எழுந்தது. தாமதமாக வந்த பெட்ணேகரின் மனைவியும், யாருக்கென்று தெரியாமல், கையில் கடலைப் பொட்டலத்தோடு எழுந்து நின்றார்.

வாத்தியங்கள் நின்றால் தன் முறை என்பது கேபின்காரர்களின் பழக்கம். அதை நான் யோசிக்கவில்லை. பூட்டிய அறையிலிருந்து குழல் கிளம்பியது. ஆவி வந்துவிட்டதென்று ஜனம் தேம்பித் தேம்பி அழுதது. நானும் அழுதேன், அப்படியொரு சரக்கு. வழக்கமான இடத்தில் குழல் நின்றது. மறுபடி தொடங்கவில்லை.

"அது எங்க வீட்டுக்காரர்" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல். "மூச்சு முட்டினா இப்படித்தான் நிக்கும். சத்தம் மூடின கதவுக்குள்ள இருந்து வருது. சாவி யார்கிட்ட?"

கூட்டம் அதையும் நிகழ்ச்சியென்று நினைத்துக் கைதட்டியது. சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. கைத்தட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தேன். நெடுநேரம் ஓயவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டாராம், நல்லது. பூட்டியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அதோடு இதையும் எழுதுங்கள்: அவர் கேட்டது ஒரு கைத்தட்டல். நான் கொடுத்தது அரங்கம் நிறைந்த கைத்தட்டல், கண்ணீரோடு. அவர் எனக்குக் கொடுத்தது இந்தப் புகார். என் கணக்குப்படி பாக்கி அவர் பக்கம்தான்.