டைனோசர் ஆட்டத்துல ரெண்டு பேர்

அனீஸா: குதிங்க மச்சான், குதிங்க! பின்னாடி ஒண்ணு ஓடி வருது...

ஜாஃபர்: எங்க? இதுல நான் எது?

அனீஸா: நீலச் சட்ட நீங்க. சிவப்புச் சட்ட நானு. எத்தன தடவ சொல்றது... போச்சு, கடிச்சிருச்சு.

ஜாஃபர்: செத்துட்டேனா?

அனீஸா: ஒரு உசுருதான் போச்சு. இன்னும் ரெண்டு இருக்கு.

ஜாஃபர்: சபிஹாவுக்குன்னு இந்த டிவி கேம சார்ஜாவுலேருந்து தூக்கிட்டு வந்தா, அவ உம்மால்ல ஆடுறா!

அனீஸா: அவ பள்ளிக்கூடம் விட்டு வர நாலரை ஆவும். அதுவரைக்கும் டைனோசரு சும்மா நிக்குமா?

ஜாஃபர்: மாயவரத்துல இந்தப் படம் பாத்தோமே... அந்தப் பெரிசு கத்துனதும் என் தோள்ல மூஞ்சியப் பொதச்சவ, இன்டர்வெல்லுக்குத்தான் எடுத்தே.

அனீஸா: அப்போ கையில துப்பாக்கி இல்லியே. சுடுங்க! மரத்து மேல பாருங்க!

ஜாஃபர்: சுட்டுக்கிட்டுத்தான இருக்கேன்...

அனீஸா: என்னையச் சுட்டுக்கிட்டு இருக்கீங்க.

ஜாஃபர்: அடடா! ஒனக்கு ஒண்ணும் ஆவலியே?

அனீஸா: ஆவாது. நம்ம குண்டு நமக்குப் படாது. அந்த ஜீப்பு மேல ஏறிக்கங்க... ஏறியாச்சா? இப்போ பாருங்க... இந்தா! மூணும் காலி.

ஜாஃபர்: எம் பொண்டாட்டி இம்புட்டுக் கொலகாரின்னு தெரியாமப் போச்சே.

அனீஸா: இன்னும் என்னென்ன தெரியாதோ உங்களுக்கு. வெள்ளிக்கிழம எப்போ கிளம்பணும்?

ஜாஃபர்: அது... காலையில.

அனீஸா: போன தடவ மாதிரி பம்பாய் போய்த்தான் பிளேன் ஏறணுமா?

ஜாஃபர்: ஆமா, பம்பாய்தான்.

அனீஸா: மசாலாப் பொடி இடிச்சு வைக்கவா?

ஜாஃபர்: வேணாம்.

அனீஸா: போன தடவ ரெண்டு கிலோ கேட்டு வாங்கிட்டுப் போனீங்க.

ஜாஃபர்: இப்போ எல்லாம் அங்கயே கெடைக்குது.

அனீஸா: ம்ம்... ஏன் நின்னுட்டீங்க?

ஜாஃபர்: நீ போ. நான் பின்னாடி வர்றேன்.

அனீஸா: போக முடியாது. நீங்க ஓரத்துல நின்னுக்கிட்டா எனக்கு முன்னாடி வழி தொறக்காது. ரெண்டு பேரும் நடந்தாத்தான் காடு நகரும்.

ஜாஃபர்: அப்போ என்னைய சாக விட்டுட்டு நீ போ.

அனீஸா: பாங்கு சொல்ற நேரத்துல என்ன பேச்சு இது?

ஜாஃபர்: ஆட்டத்துல சொன்னேன் புள்ள.

அனீஸா: ஆட்டத்துலயும் வேணாம். மச்சான்... நீங்க போறது எனக்குப் புடிக்கல. எட்டு வருசத்துல ஒரு தடவகூட வாய்விட்டுச் சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லிட்டேன்.

ஜாஃபர்: போகலன்னா வீடு எப்பிடி ஓடும்? சபிஹா படிப்பு...

அனீஸா: அத நான் கேக்கல. உங்களுக்குப் போகணும்னு இருக்கா?

ஜாஃபர்: ...இத கொஞ்சம் நிறுத்த முடியுமா?

அனீஸா: நிறுத்திட்டேன். சொல்லுங்க.

ஜாஃபர்: ஒண்ணுமில்ல... ஒரு சந்தேகம். நாளான்னைக்குக் கிளம்புறேன். இந்நேரம் சார்ஜாவுல இருக்குற புள்ளைங்களுக்குக் குடுத்தனுப்ப ஊரே பொட்டலத்தோட வாசல்ல நிக்கணுமே. ஜன்னத் பீவி மாமி மவனுக்கு நார்த்தங்கா ஊறுகா, மூஸாவோட தம்பிக்கு லெட்டரு, கைலின்னு... போன தடவ எம் பெட்டியில எந் துணிக்கே எடமில்ல. இந்தத் தடவ ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே?

அனீஸா: கொண்டாந்து குடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

ஜாஃபர்: எப்பவும் போல... வாங்கி வச்சிருப்பேன்.

அனீஸா: சொல்லுங்க. மாமியோட ஊறுகாய எங்க கொண்டு போயி வச்சிருப்பீங்க?

ஜாஃபர்: அனீஸா... கம்பெனிய மூடிட்டாங்க. விசாவ கேன்சல் பண்ணித்தான் அனுப்புனாங்க. பம்பாய் போயி ஏஜென்ட்டு வாசல்ல கெடந்தாவது வேற விசா வாங்கிடலாம், அப்புறமா ஒன்கிட்ட சொல்லிக்கலாம்னு... ஒம் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு தைரியம் வரல புள்ள.

அனீஸா: இப்போ சொல்லிட்டீங்கள்ல. போதும்.

ஜாஃபர்: நீ அழுவேன்னு நெனச்சேன்.

அனீஸா: அழுது முடிச்சாச்சு. மாமிகிட்டயும் மூஸா வீட்டுலயும், இந்தத் தடவ வேற ஆளுகிட்ட குடுத்தனுப்புங்கன்னு நாந்தான் சொல்லிட்டு வந்தேன்.

ஜாஃபர்: ஒனக்கு... யாரு சொன்னா?

அனீஸா: யாரும் சொல்லல. நீங்க வந்த அன்னைக்குப் பெட்டியப் பிரிச்சது யாரு? மேல இந்த கேமு, சென்ட்டு, கோடாலித் தைலம். அடியில... சார்ஜா ரூமுல நீங்க சோறு திங்கிற தட்டு. மத்தவங்க தட்டோட மாறிடக் கூடாதுன்னு பேரு கீறி வச்சிருப்பீங்களே, அது. லீவுல வர்ற மனுசன் தட்டக் கழுவி அங்கயே கவுத்துட்டுல்ல வருவாரு? அன்னைக்கே எந் தட்டுக்குப் பக்கத்துல அத அடுக்கிட்டேன் மச்சான். ஒரு மாசமா அதுலதான் உங்களுக்குச் சோறு போடுறேன்... நீங்கதான் எந்தத் தட்டுன்னுகூடப் பாக்காம சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போறீங்க.