தைப்பூச லீவுக்காக ஒரு ஓட்டு

தைப்பூசத்தன்று சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் ரயில் ஏறினேன். எதிரே காலிப் பால்குடங்களோடு ஓர் அக்காவும் தங்கையும். தங்கை எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் வாழ்க்கைப்பட்டவள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“மலேசியாவோட மறுபடி சேரலாமான்னு ஓட்டு வச்சா, சேரணும்னுதான் போடுவேன் லா,” என்றாள் அக்கா.

“என்னக்கா திடீர்னு?”

“ஜொகூர்ல உனக்கு இன்னிக்கு பப்ளிக் ஹாலிடே. நான் மட்டும் பாஸ்கிட்ட கெஞ்சி லீவு எடுக்கணுமா?”

“ஐயோ, வேணாங்க்கா. உனக்கும் ஹாலிடே விட்டா, குடும்பத்தோட கிளம்பி எங்க வீட்டுக்கு வந்துடுவ. வருஷத்துல இந்த ஒரு நாள்தான் நான் அடுப்புப் பக்கம் போகாம உன் கையால சாப்பிடறேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, நாடு பிரிஞ்சே இருக்கட்டும். நீ இன்னிக்கு தங்கிட்டுப் போ லா.”