கொம்பு வைத்த நாற்காலி

தேநீரை விளிம்பு வரை நிரப்பி வைத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இப்படி ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் காவல் நிலைய வராந்தாவில் நிற்கும் இயந்திரம் ஊற்றியது, அதற்கு விருந்தாளியைப் பற்றி என்ன தெரியும், உங்கள் மேல் வருத்தம் இல்லை. நான் கிளம்பப் போவதும் இல்லை. யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் வந்தேன்.

உங்கள் அறிக்கையில் 'நாற்காலியின் பழுதினால் ஏற்பட்ட விபத்து' என்று எழுதியிருக்கிறது. பசை சரியாக ஒட்டவில்லை என்று சொல்லி எங்கள் ரீனத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் மனைவி என் வீட்டு வாசலில் வந்து அழுதுவிட்டுப் போனாள். அவனை விட்டுவிடுங்கள், அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. பசை மேலும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாற்காலியில் ஒரு பழுதும் இல்லை. அந்த வரியை முதலில் அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தால் நல்லது.

என் பெயர் மரால். எங்கள் முதலாளி ஓராஸ் அகாவின் வடிவமைப்புக் கூடத்தில் கணினி வேலை முழுக்க என் பொறுப்பு. எங்கள் மென்பொருளுக்கு நாம் வடிவம் சொல்வதில்லை, தேவையை மட்டும் சொல்கிறோம். இவ்வளவு எடை தாங்க வேண்டும், இந்த உயரம், இந்த மரம், அவ்வளவுதான். அது ஆயிரம் வடிவங்களைப் போட்டுப் பார்க்கும். சுமை ஏறாத இடத்தையெல்லாம் கரையான் மாதிரி அரித்துத் தள்ளும். மிச்சம் நிற்பதுதான் நாற்காலி. பக்கத்து அறையில் ரீனத் அதை சி.என்.சி இயந்திரத்தில் ஏற்றி மரத்தில் வெட்டி எடுப்பான்.

இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தால் கண் மாறிவிடும். எதைப் பார்த்தாலும் இதில் வேண்டாதது எது என்றுதான் தோன்றும். என் வீட்டுக் கதவுகளில் கைப்பிடியைக் கழற்றிவிட்டேன். கட்டிலில் ஒரு காலை எடுத்துவிட்டேன், இன்றைக்கும் ஆடாமல் நிற்கிறது. என்னைக் கட்டிக்கொள்வதாக இருந்தவர் அதைப் பற்றி ஏதோ சொன்னார். அவரும் இப்போது இல்லை. பயந்துவிடாதீர்கள், கராகண்டியில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

ஓராஸ் அகா நல்ல மனிதர். சம்பளம் தவறியதில்லை. குளிர்காலத்தில் எல்லார் வீட்டுக்கும் குதிரை இறைச்சி அனுப்புவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வழக்கம். நான் எதைச் செய்து முடித்தாலும் வந்து சுற்றிப் பார்ப்பார், தாடையைத் தடவுவார், "நல்லாத்தான் இருக்கு மரால். ஆனா மொட்டையா இருக்கே. கொஞ்சம் கூடுதலா வை," என்பார். அந்தக் கூடுதல் எப்போதும் ஒன்றுதான். ஆட்டுக்கிடாயின் கொம்பு. கம்பளத்தில், தொப்பியில், ரொட்டிக் கடைப் பலகையில் நீங்கள் தினமும் பார்க்கிற அதே இரட்டைச் சுருள்.

பனிச்சறுக்குத் திடலுக்கு ஒரு பெஞ்சு செய்தேன். கொம்பு வைத்தார். பேருந்து நிறுத்தத்துக்கு வைத்தார். தொட்டிலுக்கு வைத்தார். மலையேறப் போய்க் காலை இழந்த ஒருவருக்குச் செயற்கைக் கால் ஒன்று முப்பரிமாண இயந்திரத்தில் அச்சிட்டோம், பறவை எலும்பு போல அவ்வளவு லேசாக வந்தது, என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் கொம்பு வைத்தார். அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு அகாவைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் தாஷ்கண்ட் கண்காட்சி. ஒரு நாற்காலி அனுப்பினோம். அதில் ஒரு விரற்கடை மரம்கூட அதிகம் கிடையாது. எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. அகா போனார். போகும்போது ரீனத்திடம் சொல்லி முதுகில் கொம்பு வெட்டி ஒட்டி எடுத்துப் போயிருக்கிறார். பரிசு கிடைத்தது. நடுவர்கள் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? 'கொம்பு வேலைப்பாடு மனதைக் கவர்கிறது.' அகா பரிசுக் கேடயத்தை என் மேசையில் வைத்து, "நான் சொல்லல?" என்றார். கேடயத்திலும் கொம்பு இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

உலகத்தில் ஒரே ஒரு நாற்காலி கொம்பு இல்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் கேட்டேன். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள். அகாவிடமும் ஒருமுறை கேட்டேன். சிரித்தார். "கொம்பு இல்லாத கிடாய எவன் மதிப்பான், கண்ணு?" என்றார். நியாயமாகப் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை. கொம்பைத் தனியாக வெட்டினால் மறுபடி ஒட்டுவார். ஆகவே வேண்டாதது கொம்பு அல்ல என்று எனக்குப் புரிந்தது. மென்பொருளும் அப்படித்தான். எந்த இடத்திலிருந்து சுமை வருகிறது என்றுதான் முதலில் பார்க்கும்.

இந்த நேரத்தில்தான் அவருடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்து வந்தது. பெரிய மண்டபம், ஊர்ப்பட்ட சொந்தம். மேடையில், கதவுக்கு நேர் எதிரே, மரியாதை இடத்தில் போட அவருக்கு ஓர் ஆசனம் வேண்டும் என்றார்.

"மெலிசா இருக்கணும் மரால். பாக்குறவன் இது எப்படி நிக்குதுன்னு வாயப் பொளக்கணும். தலைக்கு மேல கொம்பு வரணும், பெருசா."

"எவ்வளவு பெருசு அகா?"

"வெக்கப்படாம வை."

"எடை எவ்வளவுன்னு போட?"

"எண்பத்தாறு," என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பைன் கொட்டையை உடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஷோல்பான் அண்ணிக்குப் புரையேறிவிட்டது.

"எண்பத்தாறா? அது நம்ம கல்யாணத்துல. இப்ப உங்க ஒத்தக் காலே அவ்வளவு வரும்."

"ஏய், சும்மா இரு. எண்பத்தாறுன்னே போடு மரால்."

அவர் வெளியே போனதும் அண்ணி என் காதருகே குனிந்து, "நூத்தி எட்டு. நான் சொன்னேன்னு சொல்லிடாத. பாத்துச் செய் தாயி, மனுசன் விழுந்து வெக்கப் போறாரு," என்றார். நான் நூற்றெட்டு என்றே போட்டேன். பொய்க் கணக்கை வைத்து வேலை பார்ப்பது தொழிலுக்குச் செய்யும் துரோகம். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு நாற்காலிக்கு உட்காருபவரின் எடையை மட்டும் சொன்னால் போதாது. அவர் உட்காரும் விதம், பின்னால் சாய்வது, சிரித்துக் குலுங்குவது எல்லாம் இருக்கிறது. அதனால் தேவையைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு தாங்கும்படி வைப்பது வழக்கம். எங்கள் கூடத்தில் அதற்கு அகா சொல்லும் பேர்கூட 'கூடுதல்'தான். நான் அந்தக் கட்டத்தில் ஒரே மடங்கு, அதாவது கூடுதலே இல்லை, என்று போட்டேன். நூற்றெட்டு, அதோடு ஒரு வயிற்றுச் சாப்பாடு, அதோடு இரண்டு ஷப்பான். பிறந்தநாள் நாயகனுக்குச் சரிகை போட்ட வெல்வெட் அங்கி போர்த்துவது நம் ஊரில் இருக்கிற மரியாதை. ஓர் அங்கி எவ்வளவு கனக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், உங்கள் அப்பாவுக்கும் போர்த்தியிருப்பார்கள். இரண்டு வரை நாற்காலி நிற்கும். மூன்றாவதுக்கு நான் இடம் வைக்கவில்லை.

ரீனத் வெட்டி எடுத்ததும் தூக்கிப் பார்த்தான்.

"மராலு, இது நாற்காலியா, மீன் தின்னுட்டுப் போட்ட முள்ளா?"

"கணக்கு சரியாத்தான் இருக்கு."

"கொம்பு மட்டும் கட்டையா, முழு மரமா இருக்கே. காலு குச்சி, தலையில கொம்பு. எங்க மாமியார் மாதிரியே இருக்கு."

"அகா பெருசா கேட்டாரு."

"கேட்டாருன்னா சரி," என்று சொல்லி நன்றாகப் பசை வைத்து ஒட்டினான். நான்தான் பக்கத்தில் நின்று பார்த்தேனே. அவ்வளவு சுத்தமான வேலை. அகா வந்து உட்கார்ந்து பார்த்தார், சாய்ந்தார், எழுந்து என் தலையைத் தடவினார்.

விருந்து அன்று எனக்கும் ரீனத்துக்கும் கதவோரம் இடம். வேகவைத்த ஆட்டுத் தலை அகா முன்னால் வந்தது. காதை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அப்புறம் அவருடைய மச்சான்கள் ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையில் இறைச்சியை அள்ளி அவர் வாயில் ஊட்டினார்கள். மறுக்க முடியுமா? நடுநடுவே விருந்தை நடத்துகிறவர் ஒலிவாங்கியில், "அடுத்து ஷிம்கெண்ட் சம்பந்தி வீட்டார்! அங்கியோட வாங்க, வெறுங்கையோட வந்தா சோறு கிடையாது!" என்று கூவிக்கொண்டிருந்தார். முதல் அங்கி நீலம். இரண்டாவது கருஞ்சிவப்பு. மேலே மேலே போர்த்துகிறார்கள், கழற்றினால் கொடுத்தவருக்கு அவமானம். மூன்றாவது வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

நாற்காலி நின்றது.

நான்காவது வந்தது, அதற்கும் நின்றது. ஐந்தாவதில் அகாவுக்குக் கழுத்தே தெரியவில்லை, மெத்தைக் கடையில் ஒரு தலை சிரிப்பது போல இருந்தார். ரீனத் என் முழங்கையில் இடித்து, "பாத்தியா, தாங்குதே! முள்ளுன்னு சொன்னேனே, என் வாயக் கழுவணும். நம்ம கைவேலடி இது!" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மரம் பற்றிய அட்டவணையில் இருந்த எண்ணைவிட அந்தக் கரகாச் மரம் உறுதியாக இருந்துவிட்டது. சில மரம் அப்படித்தான், நல்ல மலைச்சரிவில் வளர்ந்திருக்கும். கணக்குப் போடுகிறவளுக்கு அதைவிட வருத்தம் வேறு இல்லை.

அப்போது நான் எழுந்தேன். ஒலிவாங்கிக்காரரிடம் போய், கூடத்தின் சார்பில் ஓர் அங்கி இருக்கிறது என்றேன். நானே தைத்தது, பச்சை வெல்வெட். கைதட்டல் கேட்டது. கதவோரத்திலிருந்து மேடைக்கு நடக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, கையில் கனம் இருந்ததால். அகா என்னைப் பார்த்ததும் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"எல்லாரும் பாருங்க! இந்த ஆசனம் இந்தப் பொண்ணு செஞ்சது. தாஷ்கண்ட்ல பரிசு வாங்குனதும் இவதான். நான் வெறும் கொம்புதான் வெச்சேன். இவ இல்லாட்டி நான் இல்ல. வா கண்ணு, வா."

அவர் அதை இத்தனை காலத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. ஆனால் அதற்குள் நான் அங்கியை விரித்துவிட்டேன். பாதியில் மடித்துக்கொண்டு திரும்பினால் ஊர் முன்னால் அவருக்கு எவ்வளவு தலைகுனிவு, யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அவர் மரியாதையைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி இருக்கவில்லை. தோளில் வைத்தேன், கையை எடுத்தேன்.

முன்னங்கால்கள் மடிந்தன, முதலில் வலது, அப்புறம் இடது. அவர் முன்னால் சரிந்தார். கொம்பு அவருக்குப் பின்னால், மேலிருந்து வந்தது. ஷோல்பான் அண்ணி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பாவம், அவர் என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதார். கொம்பு வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்தது நான் ஒருத்திதான் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நாற்காலி உடையும், அவர் உட்கார்ந்தபடி விழுவார், ஊர் சிரிக்கும், அதோடு கொம்பு ஆசை விட்டுவிடும் என்றுதான் நினைத்தேன். கால்கள் மடிந்தால் கொம்பு எங்கே விழும் என்று மென்பொருளில் ஓட்டிப் பார்த்தது வெறும் ஆர்வத்தால். திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் பிடரியில்தான் விழுந்தது. இவ்வளவு ஒழுங்கான முடிவு எங்கள் வேலையில் அபூர்வம்.

ஆகவே நாற்காலி பழுது என்று எழுதாதீர்கள். சொன்னதைவிட மூன்று அங்கி அதிகமாகவே அது தாங்கியது. கண்காட்சியில் எங்காவது வைத்தால் கொம்பு இல்லாமல் வைக்கச் சொல்லுங்கள், அதுதான் உடைந்து தனியாகக் கிடக்கிறதே.

இன்னொன்று. அந்தப் பச்சை அங்கியின் விளிம்பைப் பிரித்துப் பார்த்தீர்களா? உள்ளே சுற்றிலும் ஈயக் குண்டு வைத்துத் தைத்திருக்கிறேன், விருந்துக்கு முந்தின வாரமே. எதைச் செய்தாலும் கூடுதலா வை, கூடுதலா வை என்று அகா சொல்லிக்கொண்டே இருப்பார். நாற்காலியில் வைக்காத கூடுதலை அங்கியில் வைத்தேன்.