ஏழு கருமுட்டைகள்

2022 பிப்ரவரி 17 அன்று காலை முதல் திண்டுக்கல்லில் மின்தடை. எங்கள் மருத்துவமனை ஜெனரேட்டரில் ஓடியது. அந்தச் சத்தத்தைத் தவிர எனக்குக் குறை ஒன்றுமில்லை.

அன்று ஒரே ஒரு தம்பதிதான். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் அப்துல் ஹக்கீம். மனைவி இஃப்பத், சித்தையன்கோட்டைப் பெண். ஹக்கீமின் விந்தில் உயிரணுவே இல்லை. டாக்டர் விதைப்பையைத் திறந்து, உள்ளே நூல் போலிருக்கும் குழாய்களைக் கிள்ளி லேபுக்கு அனுப்புவார். அவற்றைப் பிரித்து நுண்ணோக்கியில் உயிரணு தேடுவது என் வேலை. கிடைத்தால் மனைவியின் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்துவேன்.

தியேட்டருக்குள் போகுமுன் ஹக்கீம் சிரித்தார்.

"ஸ்டீபன் அண்ணே, குடோன்ல மலையாட்டம் கெடக்குற தோல்ல ஓட்டையில்லாதத நான் கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன். எனக்கு ஒரே ஒண்ணு எடுத்துத் தர மாட்டீங்களா?"

இஃப்பத் சிரிக்கவில்லை. "அவரோடது இல்லேன்னா முட்டையக் கீழ கொட்டிருங்கண்ணே. வேற ஆளோடது எங்களுக்கு ஹராம்."

கவலைப்பட வேண்டாம் என்றேன்.

மாலைவரை தேடினேன். ஒன்றுகூட இல்லை. எடுத்து வைத்த ஏழு கருமுட்டைகளும் நேரம் ஆக ஆக வீணாகிக்கொண்டிருந்தன. வெளியே மாமியார் அஜீஸுன்னிசாவின் குரல் கேட்டது. "இந்தத் தடவையும் ஒண்ணுமில்லேன்னா இவள அவ அத்தா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்." குறை மகனிடம் என்பது அந்தம்மாவின் காதில் ஏறவேயில்லை.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "கெடச்சுச்சா?"

"கெடச்சிருச்சு சார்."

இன்னொரு நோயாளியின் மாதிரியை அவர் அனுமதியின்றி எடுப்பது முறையல்ல. ஆகவே என்னுடையதைப் பயன்படுத்தினேன்.

பெண் குழந்தை பிறந்தது. தஹ்சீன் என்று பெயர் வைத்தார்கள். ஹக்கீம் லேபுக்கே பிரியாணி கொண்டுவந்தார்.

சென்ற ஆண்டு இரண்டாவது குழந்தைக்காக மதுரைக்குப் போனார்கள். அங்கே மரபணுச் சோதனை செய்துவிட்டு, இவர் உடலில் உயிரணு எந்தக் காலத்திலும் உருவாகியிருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஹக்கீம் நேரே என்னிடம் வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"லேப்ல மாறிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே. அம்புட்டுப் போதும். மனசு ஆறிரும்."

"இங்க மாற வாய்ப்பே இல்ல பாய். வீட்டுல கேளுங்க."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு பெண்மீது பழி போடுவது என் பழக்கமில்லை.

அந்த வாரமே இஃப்பத்தைக் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜமாத்தில் தலாக்கும் முடிந்தது. அதன் பிறகுதான் அந்தப் பெண் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கும் எனக்கும் டிஎன்ஏ பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் காட்டும் அறிக்கை சரிதான் சார். தஹ்சீன் என் குழந்தை.

வேறு யாருக்கெல்லாம் இப்படிச் செய்தாய் என்கிறீர்கள். தேடியும் கிடைக்காத எல்லோருக்கும்தான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று நான் பேதம் பார்த்ததில்லை.

அறிக்கை வந்த அன்று ஹக்கீம் சித்தையன்கோட்டைக்குப் போனாராம். இஃப்பத் கதவைத் திறக்கவில்லை.